கை எத்தனை மணிக்கு வழிக்கு வருகிறது?

மதுரைப் பக்கம் பூக்கட்டிப் பிழைப்பவர் அந்தப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கலாம். கைகால் வலி என்று வந்து உட்கார்ந்தவர், மஞ்சள் பையிலிருந்து பதினொரு மாதத்துச் சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் எடுத்து மேசைமேல் அடுக்கினார். ரத்தப் பரிசோதனையில் ஆர்ஏ ஃபேக்டர் ‘நெகட்டிவ்’. கை எக்ஸ்ரேயில் குறிப்பாக ஒன்றுமில்லை. அன்று புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் குறைவு. சீட்டுகளை ஓரமாக நகர்த்திவிட்டு, “காலையில எந்திரிச்சதுல இருந்து என்ன ஆகுதுன்னு சொல்லுங்கம்மா” என்றேன்.

“நாலு மணிக்கே பூ வந்துரும் சார். உக்காந்தா நாரு விரல்ல நிக்க மாட்டேங்குது. விரலு மடங்குனாத்தானே முடிச்சுப் போட முடியும்? சுடுதண்ணியில கையை முக்கி முக்கி எடுப்பேன். எட்டு, எட்டரைக்கு மேலதான் கை வழிக்கு வரும். அதுக்குள்ள ஏவாரமே முடிஞ்சிரும்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “மெட்டியைக்கூடக் கழட்டி வச்சுட்டேன். விரலு வீங்கிப்போயி ஏற மாட்டேங்குது. மாமியாரு அதுக்கு வேற பேசுறாங்க” என்றார்.

விடியற்காலையில் தொடங்கி நான்கு மணி நேரம் விலகாத விறைப்பு. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள். மெட்டி ஏறாத அளவுக்குக் கால்விரல் வீக்கம். முடக்குவாதம் எனப்படும் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பது அவர் பேசி முடிப்பதற்குள்ளாகவே ஏறக்குறைய தெரிந்துவிட்டது. விரல்களைத் தொட்டு அழுத்திப் பார்த்தபோது உறுதியானது. அதன் பிறகுதான் சீட்டுகளைப் புரட்டினேன். எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு சீட்டில் ‘பாலிஆர்த்ரால்ஜியா’ (பல மூட்டு வலி) என்ற ஒற்றைச் சொல்லும், ஐந்து நாளைக்கான வலி மாத்திரையும் இருந்தன. கையெழுத்து என்னுடையது.

அன்றும் இதே கைகளோடுதான் அவர் என் முன்னால் உட்கார்ந்திருப்பார். “எங்கே வலிக்குது?” என்று கேட்டிருப்பேன். “கைகால் பூரா” என்று சொல்லியிருப்பார். அடுத்தவர் கதவருகே நின்றிருப்பார். அந்த எட்டு மாதத்தில் அவருடைய வலது மணிக்கட்டு இழந்த அசைவு இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. மூட்டு, தசை வலியோடு வருபவரிடம் நோய் வரலாற்றைக் கேட்பதற்கு நம் மருத்துவமனைகளில் நேரமும் இல்லை, அதற்கான மொழியும் பழக்கப்படவில்லை என்பதைத் திறந்து பேசியாக வேண்டும். இங்கே கேட்காமல் விட்ட கேள்விக்கு நோயாளி தன் மூட்டால் விலை கொடுக்கிறார்.

தாமதத்தின் விலை

முடக்குவாதம் அரிய நோய் அல்ல. வயதுவந்தோரில் நூற்றுக்கு அரை முதல் ஒருவர்வரை இதனால் பாதிக்கப்படுகிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அறிகுறி தோன்றி ஆறு வாரத்துக்குள் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் நோயின் போக்கையே மாற்றும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் கூட்டமைப்பின் வழிகாட்டுதல். அந்த மருந்துகளில் முதன்மையான மெத்தோட்ரெக்சேட் விலை குறைந்த, பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள மாத்திரை. மருந்து இருக்கிறது. அதைத் தொடங்க வேண்டிய ஆளை நாம் உரிய காலத்தில் அடையாளம் காண்பதில்லை.

ரத்தப் பரிசோதனை அடையாளம் காட்டிவிடும் என்ற நம்பிக்கை மக்களிடம் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் வேரூன்றிவிட்டது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவாகவே இருக்கும். மறுபக்கம், எந்த மூட்டு நோயும் இல்லாத முதியவர்களிடமும் காசநோய், கல்லீரல் அழற்சி போன்ற தொற்று உள்ளவர்களிடமும் அது பாசிட்டிவாக வரலாம். தொடக்க காலத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். கால் பெருவிரல் நெருப்பாய் எரியும் கவுட் தாக்குதலின்போதேகூட யூரிக் அமிலம் சரியான அளவில் இருக்கலாம். முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1994இல் வெளியானது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்பு வட்டுப் பிதுக்கம்) இருந்தது. நம் ஊரில் அந்த இரண்டு சொற்களைப் படித்துவிட்டு வேலையை விட்டவர்கள், வண்டி ஓட்டப் பயந்தவர்கள் எத்தனை பேர்!

பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த பிறகு செய்தால்தான் அது விடை தரும். 1975இல் பிரிட்டனில் புதிதாக வந்த 80 புறநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு இன்றும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது. நோயாளி சொன்னதையும் குடும்ப மருத்துவரின் கடிதத்தையும் மட்டும் வைத்து எட்டிய முடிவு, 80 பேரில் 66 பேருக்குக் கடைசிவரை மாறவேயில்லை. மூட்டு நோய்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பதே என் அனுபவம்.

ஆனால், கேட்க நேரம் எங்கே? 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடங்களுக்கு மேல். இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஊசி போடலாம், மாத்திரை எழுதலாம், ஸ்கேனுக்கு அனுப்பலாம். பூ கட்டுபவரின் காலைப் பொழுதைக் கேட்டறிய முடியாது.

கால் என்றால் எந்தக் கால்?

நேரம் கிடைத்தாலும், எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். நாங்கள் படித்த பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளியின் உடம்பு தமிழில் பேசுகிறது. “கால் வலி” என்கிறார். தமிழில் தொடை தொடங்கி விரல் நுனிவரை எல்லாமே கால்தான். தோளில் இருந்து விரல்வரை எல்லாமே கை. “இடுப்பு வலி” என்றால் கீழ்முதுகாகவும் இருக்கலாம், இடுப்பு மூட்டாகவும் இருக்கலாம். “நரம்பு இழுக்குது” என்பவர், நரம்பைச் சொல்கிறாரா, தசைநாணைச் சொல்கிறாரா, புடைத்துக்கொண்டிருக்கும் ரத்தக்குழாயைச் சொல்கிறாரா? மூன்றுக்கும் நம் வழக்கில் ஒரே சொல். “ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க” என்பதில் பாதித் தெளிவு கிடைத்துவிடும். தொடை இடுக்கைத் தொட்டால் இடுப்பு மூட்டைச் சந்தேகிக்கலாம். உட்காருமிடத்தைத் தொட்டுக் காலின் பின்பக்கமாகக் கீழே இழுத்துக் காட்டினால் நரம்பைச் சந்தேகிக்கலாம். இடுப்பு மூட்டில் உள்ள நோய் முழங்காலில் வலியாக வெளிப்படுவதும் உண்டு. முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினால், உண்மையான நோய் தப்பிவிடும்.

வலியைச் சொல்வதில் தமிழர்களுக்குச் சொற்பஞ்சம் கிடையாது. குடைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறிப்பது என்று ஒவ்வொன்றும் வேறு. நாள் முழுக்க நாற்று நட்டவர் சொல்லும் கடுப்பும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் குடைச்சலும் ஒன்றல்ல. எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்து வந்தால் நரம்பின் பக்கம் பார்க்க வேண்டும். இத்தனையையும் ‘பெயின்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

மாறாக, ‘மார்னிங் ஸ்டிஃப்னஸ்’ என்று பாடநூல் சொல்வதற்கு மக்கள் வழக்கில் நேரான ஒரு சொல் இல்லை. “காலையில இறுக்கமா இருக்கா?” என்று கேட்டால், “இல்லையே” என்பார்கள். “பிரஷ்ஷைப் பிடிக்க முடியுதா? கை எத்தனை மணிக்கு வழிக்கு வருது?” என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்த்ததுபோல் பதில் வரும். ‘பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும், ஆனால் மாலையில் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும்’ என்றால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் கடந்தும் விலகாமல், வேலை செய்யச் செய்ய இளகினால் அழற்சி.

இளைஞர்களின் முதுகுவலியில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். “ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு வலிச்சு முழிப்பு வருதா? எந்திரிச்சு நடந்தா குறையுதா? லீவுநாள்ல படுத்தே கிடந்தா கூடுதா?” மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு டிஸ்க் கோளாறு என்று படுக்கை ஓய்வு எழுதுவது எதிர் வைத்தியம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற நோயாக இருக்கலாம். கண் சிவந்து வலித்து எப்போதாவது சிகிச்சை எடுத்தாரா, குதிகால் வலித்ததா என்று கேட்டால் சந்தேகம் வலுப்படும். முதுகெலும்பு ஒன்றோடொன்று ஒட்டிக் கூன் விழுந்த பிறகு கண்டுபிடித்து என்ன பயன்?

“வாயு ஓடுது” என்ற சொல்லைக் கேட்டதும் நகைப்பவர்கள் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்த இரண்டு, மூன்று வாரத்தில், இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கணுக்கால், மறுநாள் மணிக்கட்டு என்று வலியும் வீக்கமும் ஓடினால், அந்தத் தாய் சொல்வது ருமாட்டிக் காய்ச்சலின் துல்லியமான வர்ணனை. மூட்டு தானாகச் சரியாகிவிடும். இதய வால்வு சரியாகாது. அன்றே கண்டுபிடித்து, பல ஆண்டுகளுக்குப் பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டுவந்தால் அந்த இதயத்தைக் காப்பாற்றலாம்.

தசை நோய்களில் ‘அசதி’ என்ற சொல் பலவற்றை மறைத்துக்கொள்ளும். களைப்பும் அசதிதான், தசை வலுவிழப்பதும் அசதிதான். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா, பேருந்துப் படியில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா, தலை சீவும்போது கை இறங்கிவிடுகிறதா, பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க முடிகிறதா? இவற்றில் சிரமம் தெரிந்தால் தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி பற்றாக்குறை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, தசை அழற்சி நோய் என்று தேட ஒரு வழி கிடைக்கும்.

மூட்டுக்கு வெளியே

மூட்டு வலியின் காரணம் பல நேரம் மூட்டில் இருப்பதில்லை. “பொடுகு” என்று அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பது உச்சந்தலைச் சொரியாசிஸாக இருக்கலாம். வெயிலில் போனால் முகம் சிவக்கிறது, முடி கொத்தாகக் கொட்டுகிறது, இரண்டு முறை கரு கலைந்தது என்று தனித்தனியாக வேறு வேறு மருத்துவரிடம் சொன்னவை ஒரே இடத்தில் சேர்ந்தால் லூபஸ் என்ற நோய் தெரியும். வலி தொடங்குவதற்கு முன் காய்ச்சல் வந்ததா, தெருவில் மற்றவர்களுக்கும் வந்ததா என்று கேட்காமல் சிக்குன்குனியாவைப் பிடிக்க முடியாது. 2006இல் தமிழகம் முழுக்கப் பரவியபோது, காய்ச்சல் போய்ப் பல மாதம் கழித்தும் குனிந்து நடந்தவர்களை நாம் மறந்திருக்க மாட்டோம்.

“எந்த ஊர்? என்ன தண்ணீர் குடிக்கிறீங்க?” என்பதும் மூட்டு வலிக்கான கேள்விதான். குடிநீரில் ஃப்ளோரைடு மிகுந்தால் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போவதை, 1937இலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஆராய்ந்து மருத்துவர்கள் உலகுக்கு எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் தலைமுறை தலைமுறையாக அதே துன்பத்தைத் தந்தன. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் பாதிப்பைத் தடுக்கத்தான். ஐம்பது ஆண்டு அந்தக் கிணற்று நீரைக் குடித்தவர் இன்று சென்னையில் மகன் வீட்டில் இருக்கலாம். எங்கே வளர்ந்தார் என்று கேட்காவிட்டால், அவர் கழுத்து ஏன் திரும்பவில்லை என்பது தெரியாமலே போகும்.

வலிக்கு ஏற்கெனவே என்னென்ன சாப்பிட்டார் என்பதைத் திட்டாமல் கேட்க வேண்டும். மருந்துக் கடையில் பேர் எழுதாமல் மடித்துக் கொடுத்த ‘செட்’ மாத்திரை, யாரோ கொடுத்த பொடி, ஊசி, கட்டு, எண்ணெய் என்று எல்லாமே நோய் வரலாறு. “அந்தப் பொடியைத் தின்னதுல இருந்து வலியே இல்ல சார், பசி நல்லா எடுக்குது, முகம்கூட உப்புனாப்புல இருக்கு” என்று ஒரு பெரியவர் மகிழ்ச்சியோடு சொன்னபோது எனக்குக் கலக்கமாக இருந்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன அடையாளங்களே போதும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பொடி தின்றதைச் சொல்ல அவர் பயந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

சிலவற்றைக் கூட்டத்துக்கு நடுவில் யாராலும் சொல்ல முடியாது. பிறப்புறுப்பில் புண், மலத்தில் ரத்தம், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியவை மூட்டு நோய்களோடு நேரடித் தொடர்புள்ளவை. “உடம்பெல்லாம் வலிக்குது” என்று மாதாமாதம் வரும் பெண்ணுக்குத் தூக்கம் இல்லாமலிருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், வீட்டில் அடி விழலாம். பக்கத்தில் கணவரோ மாமியாரோ நிற்கும்வரை அது வெளியே வராது. ஒரு திரைச்சீலையும், உடன் வந்தவரை இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லும் வழக்கமும் பெரிய செலவில்லை.

செய்ய முடிந்தவை

முதல் கோரிக்கை நேரம் பற்றியது. மூட்டு, தசை வலியோடு முதன்முறை வருபவருக்கு மட்டுமாவது பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். எல்லோருக்கும் முடியாது என்பதை அரசு மருத்துவமனையில் உழைத்தவன் என்ற முறையில் அறிவேன். ஆனால், பழைய நோயாளிகள் மாத்திரை வாங்கும் வரிசையைப் பிரித்தாலே முதல்முறை வருபவருக்கு நேரம் கிடைக்கும். அவர் காத்திருக்கும்போதே செவிலியரோ பயிற்சி மருத்துவரோ கேட்டுக் குறித்துவைக்கத் தமிழில் ஒரு பக்கக் கேள்வித்தாள் போதும்.

இரண்டாவது, கேள்விகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது. 1992இல் பிரிட்டன் மருத்துவர்கள் மூட்டு நோய்க்கென மூன்றே கேள்விகளை வகுத்தார்கள்: வலியோ விறைப்போ உண்டா, உதவியின்றி உடை உடுத்த முடிகிறதா, மாடிப்படி ஏறி இறங்க முடிகிறதா? நம் ஊருக்கு அவற்றை இப்படி மாற்றலாம்: காலையில் கை வழிக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது? ஜாக்கெட் ஊக்கு, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். இந்த மூன்று கேள்விகளையும் அவர்கள் கையில் கொடுத்தால், எத்தனையோ பேரை ஆறு வாரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்துவிடலாம்.

மூன்றாவது, மருத்துவக் கல்வி. 2019இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம் தொடக்கத்திலேயே உள்ளூர் மொழிப் பயிற்சிக்கு இடம் தந்தது. நோயாளியிடம் பேசும் முறைக்குத் தனிப் பாடமே வைத்தது. தமிழ்நாட்டில் இதைச் சடங்காக்கிவிடாமல், வலியின் சொற்களையும் உடலின் சொற்களையும் வட்டார வழக்கோடு கற்றுத்தர வேண்டும். இறுதித் தேர்விலும் மாணவர் தமிழில் கேட்பதைத் தேர்வாளர் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். மருந்து எழுதிய பிறகு நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்வதும் அதில் அடங்கும். வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டுவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். “ஞாயித்துக்கிழமை மாத்திரை” என்று பெயரிட்டுச் சொல்லிக் கொடுத்த பிறகு, என்னிடம் அந்தத் தவறு குறைந்தது. அந்த மருந்தைத் தொடங்குமுன், குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்பதும் கட்டாயம். கருவுக்கு அது தீங்கு.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட் கட்டை நீட்டுவதற்கு முன் உங்கள் நாளைச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, எந்தெந்த மூட்டு, காலையில் எவ்வளவு நேரம், எந்த வேலை முடியவில்லை, என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஐந்து வரி எழுதிக்கொண்டு போங்கள். ஒற்றை மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், அல்லது முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் உட்காருமிடம் மரத்துப்போனால், மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

‘நோயாளி சொன்ன குறையை அவருடைய சொற்களிலேயே எழுது’ என்பது மருத்துவ மாணவருக்குச் சொல்லித்தரப்படும் முதல் விதிகளில் ஒன்று. தமிழ்நாட்டில் அதை நாங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்போது என்னோடு பணியாற்றும் பயிற்சி மருத்துவர்களிடம் முதல் வரியை மட்டும் தமிழில் எழுதச் சொல்கிறேன். அந்தப் பூக்காரப் பெண்ணின் புதிய நோட்டில் முதல் பக்கத்தில் ‘நாலு மணிக்கு நார் விரலில் நிற்கவில்லை, எட்டரைக்குக் கை வழிக்கு வருகிறது’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு மாதமும் அவர் சொன்ன நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது: ஏழு மணி, ஆறு மணி, ஐந்தே கால். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க, ரத்தப் பரிசோதனை முடிவுக்கு முன் அந்தப் பக்கத்தைத்தான் இப்போது நான் திறக்கிறேன்.